அய்யா சொல்லாமல் வைத்திருந்தது

இந்தச் சிறு புத்தகம் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் அய்யா மறைந்து ஓராண்டு நிறைந்திருக்கும். பதினாறாம் நாளிலேயே நினைவு மலர் போட வேண்டும் என்று உறவினர்கள் சொன்னார்கள். எழுத வேண்டியவள் நான். அன்று ஒரு வரிகூட வரவில்லை. அய்யா நல்லவர், உழைப்பாளி, யாரிடமும் கடிந்து பேசாதவர் என்று எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் எந்த ஊரில் எந்த அய்யாவுக்கும் அதை எழுதலாம். எங்கள் அய்யாவைப் பற்றி எழுத எனக்கு இந்த ஓராண்டு தேவைப்பட்டது.

அய்யா முதுகுளத்தூருக்குத் தெற்கே, கடலாடிக்குப் போகும் வழியில் உள்ள எங்கள் ஊரிலேயே பிறந்தார். நான்கு பிள்ளைகளில் இரண்டாமவர். எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தகப்பனார் காலமானார். அத்தோடு படிப்பு நின்றது. அடுத்த ஆண்டே வாலிநோக்கம் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போனார். வெயிலில் உப்பு வாரும்போது கண் கூசிக் கூசி, இருபது வயதுக்குள்ளேயே கண்ணோரம் சுருக்கம் விழுந்துவிட்டது என்று பெரியப்பா சொல்வார். பிறகு சில காலம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டார். மழை வந்தால் புஞ்சை, இல்லாவிட்டால் கரி. இப்படித்தான் தம்பியையும் தங்கையையும் கரை சேர்த்தார்.

அம்மாவைத் திருமணம் செய்தபோது அய்யாவுக்கு இருபத்தேழு வயது. அம்மா வந்த பிறகு கரிமூட்டத்தை விட்டுவிட்டு முழுக்க மிளகாய்ச் சாகுபடிக்கு வந்தார். எங்கள் பக்கத்து குண்டு மிளகாய்தான். புரட்டாசி மழையைப் பார்த்து விதைப்பார். தை, மாசியில் பழம் எடுப்பார். பழத்தைக் களத்தில் கொட்டிக் காயவைத்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் தும்மிக்கொண்டே பேசுவோம். அண்ணனும் நானும் அந்தத் தும்மலோடு வளர்ந்தவர்கள். அண்ணன் எனக்கு இரண்டு வயது மூத்தவன். ஐ.டி.ஐ. முடித்து, முதுகுளத்தூரில் டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தான். வேலைக்குப் போய்வர அவன் கேட்டதற்காக அய்யா ஒரு பைக் வாங்கிக் கொடுத்தார்.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் அய்யாவைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் அவனும் வருகிறான்.

அண்ணன் இறந்தபோது அவனுக்கு இருபத்து நான்கு வயது. தை மாதம், பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம். ராமநாதபுரத்தில் ஒரு நண்பனைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காலையில் சாப்பிடாமல் கிளம்பினான். ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாலத்தருகே ஆடு ஒன்று குறுக்கே பாய்ந்ததாம். ஆட்டைத் தவிர்க்கப் போய்ப் பாலத்துச் சுவரில் மோதிவிட்டான். தலைக்கவசம் பைக்கின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு எங்களுக்குச் செய்தி வந்தது. யார்மீதும் குற்றம் சொல்ல இடமில்லாத விபத்து. அப்படிப்பட்ட விபத்தில்தான் ஒவ்வொருவரும் தன்மீதே குற்றம் சுமத்திக்கொள்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அய்யாதான் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் அலைந்தார். அய்யாதான் கொள்ளி வைத்தார். மூன்றாம் நாள் சாம்பலை ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கடலில் கரைத்துவிட்டு வந்தார். ஆண்கள் மட்டும் ஒரு வேனில் போனார்கள். இவ்வளவிலும் அவர் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாகிவிட்டதா, பந்தலுக்கு மேலே துணி கிழிந்திருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பதினாறு முடிந்தது. உறவினர்கள் அவரவர் ஊருக்குப் போனார்கள். பதினெட்டாம் நாள் காலையில் அய்யா மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு புஞ்சைக்குக் கிளம்பினார்.

அம்மா அடுப்படியில் இருந்தார். மண்வெட்டி சுவரில் உரசும் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தார். அய்யா தெருமுனை திரும்பியதும் என்னிடம் சொன்னார்.

"பதினெட்டே நாளு. பெத்த புள்ளய விட அவுகளுக்கு மொளகா பெருசாப் போச்சு."

அன்றிலிருந்து அம்மா அய்யாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கஞ்சி ஊற்றி வைப்பார். துணி துவைத்துப் போடுவார். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் நான் நடுவில் நிற்க வேண்டும். "ஒங்கய்யாகிட்டச் சொல்லு, அரிசி தீந்துருச்சுன்னு." அய்யா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நானும் மறுபடி ஒருமுறை சொல்வேன். அவர் தலையாட்டுவார். இது எட்டு மாதம் நடந்தது.

எனக்கும் அய்யாமீது கோபம் இருந்தது என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். அம்மா ஒவ்வொரு நாளும் அண்ணனின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுவதைப் பார்த்தேன். அய்யா களை எடுப்பதையும் கடலை போடலாமா என்று யோசிப்பதையும் பார்த்தேன். துக்கம் என்றால் அது அம்மாவினுடையதுபோல இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் முத்துராக்கு அத்தை வீட்டுக்கு வந்தார். அய்யாவுக்குப் பங்காளி வழியில் தங்கை முறை. எங்கள் புஞ்சைக்கு அடுத்த புஞ்சை அவர்களுடையது. அம்மாவிடம் மெல்லக் கேட்டார்.

"மதினி, அண்ணே அங்கன தெனமும் பேசிக்கிட்டு இருக்காரே, ஒங்களுக்குத் தெரியுமா?"

"யாருகூட?"

"மருமகன்கூட."

அத்தைக்கு மருமகன் முறை என் அண்ணன். அத்தை தொடர்ந்து சொன்னார். "மாசியிலருந்தே இப்பிடித்தான். மொதல்ல நான் யாரோ ஆளு வந்துருக்காகன்னு நெனச்சேன். எட்டிப் பாத்தா ஒத்த ஆளா நிக்கிறாரு. வேலைக்கு வாரவுகள நான் அந்தப் பக்கம் களையெடுக்க விடுறதில்ல மதினி. யாரும் கேக்க வேணாம்னுதான். ஒங்ககிட்டச் சொல்லவா வேணாமான்னு இத்தன மாசமா மனசு கெடந்து அடிச்சுக்கிருச்சு."

மறுநாள் காலை அம்மா கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு புஞ்சைக்குக் கிளம்பினார். அண்ணன் போன பிறகு அவர் வாசல்படி தாண்டி அவ்வளவு தூரம் நடந்தது அன்றுதான். என்னையும் கூட்டிப்போனார். வேலியோரம் கருவேலம் மண்டிக் கிடந்தது. அதற்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். அய்யா எங்களுக்கு முதுகு காட்டி நின்று மண் கொத்திக்கொண்டிருந்தார். குரல் நன்றாகக் கேட்டது.

"ஏலே, ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டுப் போடான்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? ஹேண்டில்ல தொங்க விட்டுக்கிட்டுப் போனா அது ஹேண்டிலக் காப்பாத்துமா, ஒன்னயக் காப்பாத்துமா? மெல்லப் போடா மெல்லப் போடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? ஆடு வந்தா வரட்டும்டா. ஆட்டுக்காரன்கிட்ட நான் பேசிக்கிற மாட்டனா?"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கொத்து. அய்யா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. யாரையும் கடிந்து பேசாதவர் என்று ஊரே சொல்லும் மனிதர், இல்லாத மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். அம்மா என் கையை விட்டுவிட்டு வேலியைத் தாண்டினார்.

"அவன வையாதீக."

அய்யாவின் கை அப்படியே நின்றது. திரும்பினார்.

"பசியோட போன புள்ளயப் போயி வையிறீகளே. வையிறதா இருந்தா என்னய வையுங்க. சாப்புடாமப் போயிட்டானேன்னு நான்தான் போனு அடிச்சேன். அத எடுக்கப் போயித்தான் கைய விட்டுருக்கான்."

எட்டு மாதமாக அம்மாவின் நெஞ்சில் இருந்தது அது. அன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. அய்யா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"போனு அவன் பேக்குக்குள்ள இருந்துச்சு. துணிக்கு அடியில. ஸ்டேஷன்ல நான்தான் எடுத்தேன். நீ அடிச்சது அவனுக்குக் கேட்டுருக்கவே செய்யாது."

அம்மா கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "இத அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீதான் எங்கூடப் பேசலையே."

அதற்கு அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அய்யாவும் உட்கார்ந்தார். "வண்டி வாங்கிக் குடுத்தவன் நான். அந்த வீட்டுல ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு எப்பிடி ஒக்காந்திருக்கச் சொல்ற?" என்றார். அப்போதுதான் அய்யா அழுததை நான் பார்த்தேன். அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். "கேட்டான், குடுத்தீக. கேட்டதக் குடுக்காமயா இருப்பாக?" என்றார். பிறகு இருவரும் அந்தக் கஞ்சியைக் குடித்தார்கள். நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். எனக்கும் அங்கே போய்ச் சொல்ல ஒன்று இருந்தது. சொல்லவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் துக்கம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். அண்ணனின் பிறந்தநாள் வரும் வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். பைக் சத்தம் தெருவில் கேட்டால் அய்யா சாப்பிடும் கையை ஒரு கணம் நிறுத்துவார். ஆனால் இரண்டு பேரும் அதை ஒன்றாகத் தாங்கினார்கள். அம்மா புஞ்சைக்கு மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே அய்யா பேசுவார், அம்மா இடையிடையே மறுத்துப் பேசுவார் என்று முத்துராக்கு அத்தை சொல்வார்.

அய்யாவிடம் ஒரு புதுப் பழக்கமும் வந்தது. சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் துக்கம் நடந்தாலும் எல்லோரும் போகும் நாளில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார். பிறகு பதினாறு முடிந்து, பந்தல் பிரித்து, வந்தவர்கள் எல்லாம் கலைந்து போன பிறகு இன்னொரு முறை போவார். இருபதாம் நாள், இருபத்தைந்தாம் நாள். "அன்னைக்குத்தான் வீடு வெறிச்சோடிக் கெடக்கும்" என்பார். போய் ஆறுதல் ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லத் தெரியாது. உட்கார்ந்திருப்பார். ஆடு குட்டி போட்டதா, கிணற்றில் தண்ணீர் கிடக்கிறதா என்று கேட்பார்.

இதில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன். வாலிநோக்கத்திலிருந்து ஒரு பாய் மொபெட்டில் மீன் கொண்டுவந்து எங்கள் ஊர்களில் விற்பார். ஒரு சமயம் மூன்று வாரமாக அவர் வரவில்லை. ஊரில் மற்றவர்கள் வேறு மீன்காரரைத் தேடினார்கள். அய்யா மட்டும் ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, கடலாடியில் மாறி, விசாரித்து விசாரித்து அவர் வீட்டுக்குப் போனார். பாயின் மனைவி மவுத்தாகி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. இதைப் பாயே சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்.

"அண்ணே வந்து ஒக்காந்தாரு தங்கச்சி. அல்லா நாட்டம், என்ன செய்யன்னு நான் சொன்னேன். ம்ம்னாரு. ஒரு மணி நேரம் இருந்திருப்பாரு. எந்திரிச்சுப் போகயில, 'எங்க ஊருல மூணு வாரமா மீனு இல்ல பாய், சனங்க கொழம்புக்கு அல்லாடுது'ன்னாரு. அம்புட்டுத்தான். மறுநா காலையில நான் வண்டிய எடுத்துட்டேன். எனக்காக ஒரு ஊரு காத்துக் கெடக்குன்னு அவருதான சொன்னாரு."

அய்யா வீட்டில் இதைச் சொன்னதே இல்லை. பாய் மறுபடி வந்தபோது அம்மாவுக்கு வாளை மீன் வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

எனக்குத் திருமணமாகி நான் கடலாடிக்கு வந்தேன். தாலுகா அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. அய்யாவுக்கு அறுபத்தைந்து வயதில் சிறுநீரகம் பழுதானது. ராமநாதபுரத்துக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் அம்மா கூடப் போவார், ஒரு நாள் நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போவேன். ஒன்பது மாதம் இப்படி ஓடியது. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அய்யாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசக் கிடைத்த நேரம் அந்தப் பஸ் பயணங்கள்தான்.

ஒரு முறை திரும்பி வரும்போது அண்ணன் விழுந்த பாலத்தைப் பஸ் தாண்டியது. எப்போதும் அந்த இடத்தில் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அன்று ஏனோ எனக்கு அடக்க முடியவில்லை.

"அய்யா, அண்ணன் அன்னைக்கு பிரண்டப் பாக்கப் போகல. எனக்காகத்தான் போனான்."

விஷயம் இதுதான். அந்த தை மாதம் நான் ஒரு தட்டச்சர் வேலைக்கு விண்ணப்பம் எழுதியிருந்தேன். கிடைக்காமல் போனால் வெட்கம் என்று வீட்டில் சொல்லவில்லை. கடைசி நாள் நெருங்கிவிட்டதால் ராமநாதபுரம் அலுவலகத்தில் நேரிலேயே கொடுத்துவிட்டு வா என்று அண்ணனிடம் கெஞ்சி, கவரை அவன் பேக்கில் வைத்தவள் நான். அவன் விழுந்தது போகும் வழியிலா, திரும்பும் வழியிலா என்று நான் யாரையும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து எனக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போதுதான் விழுந்திருக்கிறான் என்று முடிவு செய்துகொண்டேன். வேலையும் கிடைத்தது. அதில் உட்கார்ந்து தட்டச்சு செய்த ஒவ்வொரு நாளும், அண்ணனின் உயிருக்குப் பதிலாகக் கிடைத்த நாற்காலி இது என்று நினைத்தேன். பதின்மூன்று ஆண்டுகள். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அய்யா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரியும் தாயி."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"கவரு அவன் பேக்குலதான் இருந்துச்சு. போனோட சேத்து அதையும் நான்தான் எடுத்தேன். ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஓரமெல்லாம் கிழிஞ்சு போயிருந்துச்சு. மூணாம் நாளு ராமேஸ்வரத்துல கரைச்சுட்டு வாரயில, ராம்நாட்டுல வேன நிப்பாட்டச் சொன்னேன். போலீசு வேல இருக்குன்னு சொன்னேன். ஒரு கடையில புதுக் கவரு வாங்கி, அட்ரஸ எழுதி, ஆபீசுல குடுத்துட்டு வந்தேன். கடைசி நாளுக்கு இன்னும் ஒரு நாளு இருந்துச்சு."

"ஏன்யா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ வேலைக்குப் போயிருப்பியா?"

போயிருக்க மாட்டேன்.

"அவன் கையில எடுத்துக்கிட்டுப் போன காரியம் தாயி. பாதியில நிக்கக் கூடாதுல்ல" என்றார். சிறிது நேரம் கழித்து, "நீ அனுப்பலேன்னாலும் அவன் அந்த வண்டிய எடுத்துக்கிட்டு எங்கயாச்சும் போயிருப்பான். அன்னைக்கு ஒனக்காகப் போனான். அம்புட்டுத்தான்" என்றார்.

பஸ்ஸில் கூட்டம். எனக்கு முன்னால் ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார். அய்யா எழுந்து அவருக்கு இடம் கொடுக்கப் போனார். டயாலிசிஸ் முடிந்து வருகிற மனிதர். நான் அவரை உட்கார வைத்துவிட்டு எழுந்துகொண்டேன். கடலாடிவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தேன். அய்யா என்னை நிறுத்தச் சொல்லவில்லை.

மகனைக் கடலில் கரைத்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பும் ஒரு மனிதர், கடையில் நின்று கவர் வாங்கி, எட்டாம் வகுப்புக் கையெழுத்தில் முகவரி எழுதியிருக்கிறார். அந்த நாட்களில்தான் நான் அவரைப் பார்த்து, இவருக்குத் துக்கமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அய்யா இருந்தார். கடைசி வாரத்தில் உடம்பு டயாலிசிஸைத் தாங்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஒரு வியாழக்கிழமை காலை அம்மா கொடுத்த கஞ்சியில் பாதியைக் குடித்தார். சாய்த்துப் படுக்க வையுங்கள் என்றார். என்னிடம், "லீவு போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காத. போயி வேலையப் பாரு" என்றார். ஒன்பது மணி இருக்கும். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் தெரிந்துகொண்டார்.

இந்த ஓராண்டு எங்களுக்கு எப்படிப் போனது என்று பலரும் கேட்கிறீர்கள். உள்ளபடி எழுதுகிறேன்.

பதினாறு முடிந்ததும் அம்மாவைக் கடலாடிக்கு அழைத்து வந்துவிட்டேன். தனியாக விடக் கூடாது என்று நினைத்தேன். ஒரு வேலையும் செய்ய விடவில்லை. டீ கையில் கொடுத்தேன், தொலைக்காட்சி போட்டுவிட்டேன். அம்மா நாளுக்கு நாள் மெலிந்தார். நாற்பதாம் நாள் துணிப்பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னய விருந்தாளி மாதிரி வச்சிருக்காத தாயி. சும்மா ஒக்காந்தா நெஞ்ச அடைக்குது. அங்கன ஆடு கெடக்கு, புஞ்ச கெடக்கு. அழுகயும் அங்கன வந்தாத்தான் எனக்குச் சரியா வருது. நான் ஊருக்குப் போறேன்."

நான் சண்டை போட்டேன். தாயைத் தனியாக விட்டுவிட்டாள் என்று ஊர் பேசும் என்றேன். பேசவும் செய்தது. ஆனால் போன பிறகு அம்மாவுக்குச் சோறு இறங்கியது. ஞாயிறுதோறும் நாங்கள் போகிறோம். இந்த ஆண்டு தீபாவளியும் பொங்கலும் எங்களுக்கு இல்லை. பொங்கலன்று மட்டும் நான் போய், ஒன்றும் செய்யாமல் அம்மாவோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

நான் பதினெட்டாம் நாள் அலுவலகம் போனேன். எல்லோரும் தைரியசாலி என்றார்கள். இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு எங்கள் குடும்பத்தின் வாரிசுச் சான்று மனுவை நானே தட்டச்சு செய்தேன். எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்த மனுதான். அய்யாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று அடித்தேன். கை நிற்கவில்லை. வாரிசுகள் பட்டியலில் மனைவி, மகன், மகள் என்று வரும். மகன் என்ற வரிசையில் அண்ணனின் பெயரை அடித்து, பக்கத்தில் 'இறந்துவிட்டார்' என்று அடிக்க வேண்டும். அந்தச் சொல்லில் பாதியில் விரல் நின்றுவிட்டது. இரண்டு பேரும் ஒரே தாளில் இருந்தார்கள். அலுவலகத்தில் அத்தனை பேர் நடுவில் உடைந்து அழுதேன். பக்கத்து இருக்கையில் இருக்கும் அக்கா எழுந்து வந்து, என்னை நகர்த்திவிட்டு, மீதியைத் தானே அடித்து முடித்தார். அதன் பிறகு இரண்டு நாள் விடுப்பில் படுத்தே கிடந்தேன். மூன்றாம் நாள் போனேன். அழுகை எப்போது வரும் என்று நமக்குத் தெரிவதில்லை. வரும்போது யாராவது பக்கத்தில் இருந்தால் போதும் என்று இந்த ஆண்டில் தெரிந்துகொண்டேன்.

கவர் விஷயத்தை இந்த மலரில் எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் அய்யா சொன்னதை அம்மாவிடம் அதுவரை நான் சொல்லவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயந்துகொண்டே ஆரம்பித்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் முடிக்கும் முன்பே, "அவுக எங்கிட்ட அந்த வருசமே சொல்லிட்டாக" என்றார்.

"தெரிஞ்சுக்கிட்டா இத்தன வருசம் எங்கிட்டக் கேக்கல?"

"அவளாச் சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னாக. நானும் கேக்கல. அவளுக்கா மனசு வந்து சொல்லட்டும்னாக." கீரையைத் தள்ளி வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். "எழுது. அவன் ஒனக்காகப் போனான்னு எழுதுறதுல என்ன தப்பு? அண்ணன் தங்கச்சின்னா போகத்தான செய்வான்."

அம்மாவின் அனுமதியோடுதான் இதை எழுதியிருக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒன்பது மாதமும் அய்யாவைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கிய பஸ் நடத்துநர்களுக்கும், டயாலிசிஸ் பிரிவில் 'தாத்தா' என்று கூப்பிட்டு ஊசி குத்தும் முன் அவரைச் சிரிக்க வைத்த செவிலியர்களுக்கும் எங்கள் வணக்கம். மகன் இருந்து செய்ய வேண்டியதை முறை தவறாமல் செய்து, ராமேஸ்வரம் கடலில் அய்யாவைக் கரைத்துவிட்டு வந்த சித்தப்பா மகனுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். அம்மாவைக் கேட்காமலேயே புஞ்சையை உழுது கொடுத்த ஊர்க்காரர்களுக்கும், இன்றுவரை அம்மாவுக்குக் காலையில் துணையாக நடக்கும் முத்துராக்கு அத்தைக்கும், இருபதாம் நாள் கடலாடிக்கே தேடி வந்து எங்களோடு உட்கார்ந்திருந்த வாலிநோக்கம் பாய்க்கும், என் அழுகையைப் பொறுத்துக்கொண்ட என் வீட்டுக்காரருக்கும் என் நன்றி.

முடிக்கும் முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். திதிக்கு வரும் எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். அது போக, அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். காலையில் அம்மா புஞ்சையில் இருப்பார். பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். அய்யாவைப் பற்றிப் பேசினால் அம்மா அழுவாரோ என்று தயங்காதீர்கள். அழுவார். ஆனாலும் பேசுங்கள்.

குறிப்பாக, அய்யாவோடு உப்பளத்தில் வேலை பார்த்தவர்களையும், கரிமூட்டம் போட்டவர்களையும், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களையும் கேட்கிறேன். இந்த மலரின் அட்டையில் அய்யாவின் பெயர் அச்சாகியிருக்கிறது. உள்ளே எங்கும் இல்லை. எங்களுக்கு அவர் அய்யா. அம்மா அவர் பெயரை இதுநாள் வரை உச்சரித்ததில்லை. மருத்துவமனையில் பெயர் கேட்டால்கூட சீட்டைத்தான் நீட்டுவார். அதனால் அவர் போன பிறகு அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஒலிக்கவே இல்லை. நீங்கள்தான் அவரைப் பெயர் சொல்லி, 'ஏலே' போட்டுக் கூப்பிட்டவர்கள். வரும்போது பேசாமல் உள்ளே வந்துவிடாதீர்கள். அவர் இருந்த நாளில் கூப்பிட்டது போலவே, வாசலில் நின்று ஒரு தடவை உரக்கக் கூப்பிடுங்கள். அம்மா வந்து கதவைத் திறப்பார்.

இப்படிக்கு,
மகள்